கிரெடிட் கார்டு விண்ணப்பத்தில் வேலை விவரம்: ஓசூர் ஆலைத் தொழிலாளி முதல் காரிமங்கலம் கடைக்காரர் வரை ஒரு முழு வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிற ஒருவரிடம் எங்கே வேலை என்று கேட்டால், பெரிய கம்பெனி ஒன்றின் பெயரைச் சொல்வார். யூனிஃபார்மிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். ஆனால் மாதாமாதம் அவருக்குச் சம்பளம் போடுவது அந்தக் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டராக இருக்கலாம். பெண் பார்க்கப் போன வீட்டில் பெரிய கம்பெனியின் பெயரைச் சொன்னால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. கிரெடிட் கார்டு விண்ணப்பத்தில் எழுதினால் அது தவறான தகவல்.

பெயர், பிறந்த தேதி, பான் எண் எல்லாவற்றையும் அட்டையைப் பார்த்து எழுதிவிடுகிறோம். வேலை விவரத்தை மட்டும் ஞாபகத்திலிருந்து எழுதுகிறோம். ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் எழுதியதைச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, பிஎஃப் பதிவு, வருமான வரிக் கணக்கு, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கை என்று கிடைப்பதோடெல்லாம் வங்கி ஒப்பிட்டுப் பார்க்கும். தேவைப்பட்டால் ஆளையும் அனுப்பும். அதனால் காகிதத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதுவதுதான் இந்தப் பகுதியை நிரப்பும் முறை.

படி 1: காகிதங்களை எடுத்து வையுங்கள்

சம்பளக்காரர் என்றால் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறும் கணக்கின் ஆறு மாத அறிக்கை, பிஎஃப் பாஸ்புக், இருந்தால் படிவம் 16. பிஎஃப் பாஸ்புக்கை யுஏஎன் என்ற 12 இலக்க பிஎஃப் உறுப்பினர் எண்ணை வைத்து அரசின் உமங் செயலியிலேயே பார்க்கலாம். படிவம் 16 என்பது வருமான வரிப் பிடித்தத்துக்குக் கம்பெனி தரும் சான்று. நிதியாண்டு முடிந்த பிறகு ஜூன் நடுவில் கைக்கு வரும். வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வங்கி அறிக்கையில் சம்பளம் ஏறிய வரியைத் தேடுங்கள். நெஃப்ட் என்று தொடங்கி, எண்கள் வந்து, அப்புறம் பணம் அனுப்பியவரின் பெயர் இருக்கும். பல நேரம் அந்தப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுப்பட்டாலும் முதல் இரண்டு சொல் தெரியும். அது உங்கள் சம்பளச் சீட்டின் தலைப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வங்கியில் உங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பவரும் முதலில் இந்த வரியைத்தான் பார்ப்பார்.

உங்கள் பெயரையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். நம் ஊரில் சம்பளச் சீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். பான் அட்டையில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்து பின்னால் நிற்கும். இது மட்டும்தான் வித்தியாசம் என்றால் பான் அட்டையில் உள்ளபடி எழுதலாம். எழுத்தே மாறியிருந்தால் விண்ணப்பிக்கும் முன் ஹெச்ஆரிடம் சொல்லித் திருத்துங்கள்.

படி 2: எந்த வகை என்று தேர்ந்தெடுப்பது

சம்பளக்காரர், சுயதொழில், தொழில்முறையாளர், ஓய்வு பெற்றவர், இல்லத்தரசி, மாணவர் என்று ஒரு பட்டியல் வரும். மாதச் சம்பளத்தில் பிஎஃப் பிடித்தால் சந்தேகமே இல்லை, சம்பளக்காரர். உணவு டெலிவரி, வாடகை கார் ஓட்டுபவர்கள் செயலியிலிருந்து வாராவாரம் பணம் வந்தாலும் சுயதொழில்தான். அவர்களுக்குச் சம்பளச் சீட்டு என்ற ஒன்றே கிடையாது. டாக்டர், வக்கீல், ஆடிட்டர் தனியாகத் தொழில் செய்தால் தொழில்முறையாளர். அதே டாக்டர் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருந்தால் சம்பளக்காரர். வீட்டில் எப்போதாவது பிளவுஸ் தைத்துக் கொடுப்பவரை டெய்லரிங் தொழில் நடத்துபவர் என்று போட்டுவிடும் ஏஜென்டுகள் உண்டு. கணக்கு எழுதும் அளவுக்குத் தொழில் இல்லை என்றால் இல்லத்தரசி என்று எழுதுவதே சரி.

அப்பிரண்டிஸ்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டு அப்பிரண்டிஸ் சட்டப்படி அவர்கள் பயிற்சியாளர்கள், தொழிலாளர்கள் அல்லர். கைக்கு வருவது உதவித்தொகை. படிவத்தில் நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சி என்று கேட்டால் பயிற்சி என்றே எழுத வேண்டும். அப்படி எழுதினால் கார்டு கிடைப்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை. நிரந்தரம் என்று எழுதினால் ஒரே போன் காலில் தெரிந்துவிடும்.

படி 3: கம்பெனியின் பெயர்

அதிகத் தப்பு நடப்பது இங்கேதான். மூன்று இடங்களில் பாருங்கள்: சம்பளச் சீட்டின் தலைப்பு, பிஎஃப் பாஸ்புக்கில் நிறுவனத்தின் பெயர், வங்கி அறிக்கையில் பணம் அனுப்பியவர். மூன்றிலும் வருகிற பெயர் எதுவோ அதுதான் உங்கள் முதலாளி. கேட்டில் மாட்டியிருக்கும் பெரிய போர்டு கணக்கில் வராது.

கான்ட்ராக்ட்டில் இருப்பவர்கள் கான்ட்ராக்டர் நிறுவனத்தின் பெயரைத்தான் எழுத வேண்டும். ஆன்லைன் படிவத்தில் இரண்டு எழுத்து அடித்ததுமே பெரிய கம்பெனிகளின் பட்டியல் விழும், உங்கள் ஏஜென்சியின் பெயர் அதில் இருக்காது. "மற்றவை" என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து முழுப் பெயரையும் தட்டச்சு செய்யுங்கள். பட்டியலில் இருக்கிறதே என்று பெரிய கம்பெனியைத் தொட்டுவிட்டால், நல்ல கம்பெனி ஊழியர் என்ற கணக்கில் விண்ணப்பம் நகர ஆரம்பிக்கும். பிஎஃப் பதிவைப் பார்க்கும் இடத்தில் நின்றுவிடும்.

நேரடி ஊழியர்களும் முழுப் பெயரை எழுத வேண்டும். ஓசூரில் "டிவிஎஸ்" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும், வங்கிக்குப் புரியாது. டிவிஎஸ் மோட்டார் வேறு, லூகாஸ் டிவிஎஸ் வேறு, டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் வேறு. டைட்டன் இண்டஸ்ட்ரீஸ் 2013இல் டைட்டன் கம்பெனி என்று பெயர் மாறியது. பழைய ஆட்கள் இன்றும் பழைய பெயரைச் சொல்வார்கள். படிவத்துக்கு இன்றைய சம்பளச் சீட்டில் உள்ள பெயர் வேண்டும். பிரைவேட் லிமிடெட்டா, லிமிடெட்டா, பார்ட்னர்ஷிப்பா என்பதும் அந்தப் பெயரின் கடைசியிலேயே இருக்கும்.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொரு சிக்கல். பள்ளியின் பெயர் ஒன்று, சம்பளம் போடும் அறக்கட்டளையின் பெயர் வேறொன்று. அறக்கட்டளையின் பெயரை எழுதி, முகவரியில் பள்ளியின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் மாநில அரசு, பள்ளிக் கல்வித் துறை. அரசு ஊழியர் சம்பளத்துக்கான களஞ்சியம் தளத்திலிருந்து எடுத்த சம்பளச் சீட்டு போதும். டாஸ்மாக் ஊழியர்கள் மாநில அரசு நிறுவனம் என்று எழுத வேண்டும், அரசுத் துறை என்று போடக் கூடாது. 108 ஆம்புலன்ஸில் இருப்பவர்களும், அரசு மருத்துவமனையில் ஒப்பந்த நிறுவனம் வழியாகத் துப்புரவு, காவல் வேலை செய்பவர்களும் அரசு ஊழியர் பெட்டியைத் தொடவே கூடாது.

படி 4: பதவியும் அனுபவமும்

பதவியைச் சம்பளச் சீட்டில் உள்ளபடி எழுதுங்கள். ஆபரேட்டர் என்று இருந்தால் ஆபரேட்டர்தான். லைனைப் பார்த்துக்கொள்கிறோம் என்பதற்காக சூப்பர்வைசர் ஆகிவிட முடியாது.

இப்போதைய கம்பெனியில் எத்தனை ஆண்டு என்பது ஒரு கேள்வி, மொத்த அனுபவம் எவ்வளவு என்பது இன்னொரு கேள்வி. ஒரே கம்பெனிக்குள் ஐந்து வருடமாக வேலை செய்தும், இடையில் கான்ட்ராக்டர் மாறியிருந்தால் பிஎஃப் பதிவில் இரண்டு நிறுவனம், இரண்டு சேர்ந்த தேதி இருக்கும். முதல் கேள்விக்குக் கடைசி கான்ட்ராக்டரிடம் சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிடுங்கள். மொத்த அனுபவத்தில் ஐந்து வருடத்தையும் காட்டலாம். வேலை இல்லாமல் இருந்த மாதங்களை மொத்தத்தில் சேர்க்காதீர்கள்.

ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் காலத்தில் இருப்பவர்களுக்கு என் யோசனை: புதிய வேலையில் சேர்ந்து மூன்று சம்பளம் வாங்கிய பிறகு விண்ணப்பியுங்கள்.

படி 5: சம்பளத் தொகை

ஒரே ஆளுக்கு மூன்று சம்பளம் உண்டு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்து 15,000 ரூபாய், மற்ற படிகள் 11,000. ஆக, பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம் 26,000. இதில் பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் போகிறது. கேன்டீனுக்கு 400. கைக்கு வருவது 23,800. இதே ஆளின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் சிடிசி, அதாவது கம்பெனிக்கு அவரால் ஆகும் மொத்தச் செலவு என்று பார்த்தால் 28,500 சொச்சம் இருக்கும். கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பிஎஃப் 1,800, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்கும் எழுநூற்றுச் சொச்சம் எல்லாம் அதில் சேர்ந்துவிடும்.

மாத நிகர வருமானம் என்று கேட்டால் 23,800. ஆண்டு மொத்த வருமானம் என்று கேட்டால் 26,000ஐப் பன்னிரண்டால் பெருக்கி 3,12,000. சிடிசியை எங்கேயும் எழுத வேண்டாம், படிவம் அதையே கேட்டால் தவிர. செல்போனில் அவசரமாக நிரப்பும்போது மாத வருமானப் பெட்டியில் 3,12,000ஐப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பும் முன் அந்த ஒரு பெட்டியை மட்டுமாவது இரண்டாம் முறை பாருங்கள்.

ஓடி (ஓவர்டைம்) பார்ப்பவர்களுக்கு மாதத்துக்கு மாதம் தொகை ஆடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஓடிக்கு இரட்டைச் சம்பளம் என்றது, அதனால் ஓடி அதிகம் பார்த்த மாதத்தில் ஏறும் தொகை ஆசை காட்டும். மூன்று சீட்டில் குறைந்த தொகை எதுவோ அதை எழுதுவது பத்திரம். வங்கி பார்த்து நீங்கள் சொன்னதைவிட அதிகம் வருகிறது என்று கண்டுபிடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தீபாவளி போனஸை மாதக் கணக்கில் கொண்டுவராதீர்கள்.

ஒரு மாதம் மட்டும் சம்பளம் ஏன் குறைகிறது என்று குழம்புகிறவர்களுக்கு: தமிழ்நாட்டில் தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மொத்தமாகப் பிடித்தால் அந்த மாதம் குறையும். எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் வேலை செய்பவர்களுக்கு அதை மாதாமாதம் பிடிப்பார்கள்.

கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவர்கள்தான் உண்மையிலேயே பாவம். மாங்கூழ் ஆலை, கிரானைட் பட்டறை, ஹோட்டல் எல்லாவற்றிலும் இது உண்டு. முதலாளியிடம் பேசிச் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஆறு மாதம் ஓடட்டும். லெட்டர்ஹெட்டில் எழுதிய சம்பளச் சான்றைச் சில வங்கிகள் ஏற்கும், ஆனால் அதற்குக் கணக்கு அறிக்கை அளவுக்கு மதிப்பில்லை. இதற்கு நடுவே, சம்பளச் சீட்டு "அடித்துத் தருகிறோம்" என்பவர்கள் வருவார்கள். போலி ஆவணம் தயாரிப்பதும், போலி என்று தெரிந்தே அதைக் கொடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றம். அடித்துக் கொடுத்தவர் காணாமல் போய்விடுவார். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது.

படி 6: அலுவலக முகவரியும் போனும்

நீங்கள் தினமும் போகும் இடத்தின் முகவரியை எழுதுங்கள், தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தாலும் சரி. சரிபார்க்க வருபவர் ஓசூர் ஆலைக்குத்தான் வர வேண்டும். கான்ட்ராக்ட் ஊழியர்கள் முதல் வரியில் தங்கள் நிறுவனத்தையும், அடுத்த வரியில் வேலை செய்யும் ஆலையையும் எழுதினால் வருபவருக்குக் குழப்பம் இருக்காது.

பின்கோடு சின்ன விஷயம்தான், ஆனால் ஓசூர் பக்கம் பெரிய வேலை வைக்கும். ஓசூர் நகரம் 635109, சிப்காட் 635126, எல்லை தாண்டியதும் அத்திப்பள்ளி 562107. வீடு தமிழ்நாட்டிலும் வேலை கர்நாடகத்திலுமாக இருப்பவர்கள் இரண்டு முகவரியையும் மாற்றிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூரு ஐடி கம்பெனிக்குத் தர்மபுரியில் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் வீட்டு முகவரியை அலுவலக இடத்தில் எழுத வேண்டாம்; சம்பளச் சீட்டில் உள்ள கிளையின் முகவரியைப் போட்டுவிட்டு, போனில் கேட்டால் வீட்டிலிருந்து வேலை என்று சொல்லுங்கள்.

ஆலை எண்ணுக்கு வங்கியிலிருந்து அழைத்தால் பல இடங்களில் எடுப்பவர் கேட் செக்யூரிட்டி. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஆலையில் அவர் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க மாட்டார், டோக்கன் எண் கேட்பார். படிவத்தில் ஊழியர் எண் என்ற பெட்டி கட்டாயம் இல்லாவிட்டாலும் நிரப்புங்கள். டைம் ஆபீஸிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: இந்த வங்கியிலிருந்து கேட்பார்கள், இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள் என்று. நண்பரின் நம்பரை அலுவலக நம்பர் என்று கொடுத்து, அவரை ஹெச்ஆர் மாதிரி பேசவைக்கிற பழைய வித்தையை விட்டுவிடுங்கள். அதற்குப் பெயர் மோசடி.

சொந்தத் தொழில் செய்பவர்கள்

இவர்களுக்கு எல்லாமே வருமான வரிக் கணக்கிலிருந்துதான் தொடங்கும். தொழிலின் பெயர் ஜிஎஸ்டி பதிவில் உள்ளபடி. ஜிஎஸ்டி தேவைப்படாத சிறு கடை என்றால், சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் சான்றில் உள்ளபடி. உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

விற்பனையை வருமானம் என்று எழுதுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. காரிமங்கலத்தில் ஒரு மளிகைக் கடை, வருடத்துக்கு 40 லட்சம் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ரொக்க வியாபாரம். உத்தேச வருமான முறையில், அதாவது விற்பனையில் ஒரு பங்கையே வருமானம் என்று வரிக் கணக்கில் காட்டும் முறையில், 8 சதவீதம் காட்டினால் கணக்கில் வருமானம் 3,20,000. படிவத்தில் ஆண்டு வருமானம் என்ற இடத்தில் இந்த 3,20,000தான் வர வேண்டும், 40 லட்சம் வரக் கூடாது. நிஜத்தில் அதைவிட அதிகம் மிஞ்சுகிறது என்கிறீர்களா? அப்படியானால் வரிக் கணக்கில் காட்டுங்கள், அடுத்த வருடம் கார்டு லிமிட்டும் கூடும். வரித்துறைக்கு ஒரு தொகை, வங்கிக்கு ஒரு தொகை என்பது ஓடாது. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டிகளில் கமிஷனுக்கு வியாபாரம் செய்பவர்களுக்கு இந்த உத்தேச முறை கிடையாது. கமிஷன் வரவிலிருந்து செலவு போக மிஞ்சியதே அவர்கள் வருமானம்.

மாந்தோப்புக்காரர்களுக்குப் பணம் வருவது வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான். பெங்களூரா காய் லோடு ஏறும் மாதத்து வரவை மாத வருமானம் என்று எழுதிவிடாதீர்கள். வருடத்துக்கு எவ்வளவு என்று பார்த்துப் பன்னிரண்டால் வகுங்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பலர் கணக்கே தாக்கல் செய்வதில்லை, அப்புறம் காட்டுவதற்குக் காகிதம் இருக்காது. வேறு வருமானமும் உள்ளவர்கள் கணக்கு தாக்கல் செய்யும்போது விவசாய வருமானத்தையும் அதில் காட்டிவைத்தால் இதுபோன்ற இடத்தில் உதவும். கிசான் கிரெடிட் கார்டு வேறு சமாசாரம். அது பயிர்க்கடன், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வருமானச் சான்றே இல்லாதவர்கள் வேலையைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமில்லை. வைப்புத்தொகையைப் பிணையாக வைத்துத் தரும் கார்டு பல வங்கிகளில் உண்டு. குடும்பத்தில் ஒருவரிடம் கார்டு இருந்தால் கூடுதல் கார்டும் வாங்கலாம். செலவுக்குப் பொறுப்பு முதல் கார்டுக்காரர்.

ஏஜென்ட் நிரப்பினால்

பெட்ரோல் பங்க்கிலும் மாலிலும் நின்று பிடிக்கும் ஏஜென்டுகள் டேப்லெட்டில் படபடவென்று நிரப்புவார்கள். "சார், 18,000 போட்டா வராது, 30 போட்டுடுறேன்" என்பார்கள். அவருக்குக் கார்டுக்குக் கார்டு கமிஷன். ஓடிபி சொல்வது கையெழுத்துப் போடுவதற்குச் சமம் என்பதால், டேப்லெட்டைக் கையில் வாங்கி வேலை விவரப் பக்கத்தை முழுதாகப் படித்த பிறகே சொல்லுங்கள். படிக்கத் தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே 30 என்று போட்டுவிட்டு, அடுத்த மாதம் இன்னொரு வங்கியில் நீங்களே 18 என்று எழுதினால், எது உண்மை என்ற கேள்வி உங்கள் பக்கம்தான் திரும்பும்.

விண்ணப்பித்த பிறகு

சரிபார்க்கும் அழைப்பு சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரலாம். தமிழில் பேசுங்கள் என்று தைரியமாகக் கேளுங்கள். புரியாத மொழியில் தலையாட்டித்தான் சேர்ந்த தேதி தப்பாகப் பதிவாகிறது. கம்பெனி, பதவி, சம்பளம், முகவரி கேட்பார்கள். ஓடிபி, பின் எண், சிவிவி கேட்டால் அது வங்கி கிடையாது, வைத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் ஏதாவது தப்பாக எழுதியது ஞாபகம் வந்தால் அந்த அழைப்பிலேயே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். கார்டு வந்த பிறகு வேலை மாறினால் வங்கிக்கு எழுதிப் புதிய விவரத்தைக் கொடுங்கள்.

நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிமுறைகள் சொல்கின்றன. பொத்தாம்பொதுவாக "உள் கொள்கை" என்று பதில் வந்தால் குறிப்பான காரணத்தைக் கேட்டு மறுபடி எழுதுங்கள். அந்தக் காரணம் தெரியும் வரை வேறு வங்கிக்கு ஓடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகும். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அதில் வேலை விவரம் என்று ஒரு பகுதி உண்டு, முன்பு கடன் கொடுத்தவர்கள் அனுப்பிய தகவல் அங்கே நிற்கும். பைக் லோன் வாங்கியபோது ஷோரூம்காரர் எழுதிய தொகை இன்னும் அங்கே இருக்கலாம். தப்பு என்றால் சிபில் தளத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்யுங்கள், 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலும் தேதியும் கையில் இருக்கட்டும், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.